அத்திப்பள்ளி வரை போய் வந்த கேக்

மகனே,

நலமா என்று கேட்கப் போவதில்லை. உன் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது, நன்றாகத்தான் இருக்கிறாய். என் உடம்பு எப்படி என்று நீயும் கேட்கவில்லை, அதனால் அதையும் எழுதவில்லை. இந்தக் கடிதத்தை நான் உறையில் போட்டு ஒட்டவில்லை. நான்காக மடித்துப் பெங்களூர் பஸ் கண்டக்டர் கையில் அப்படியே கொடுத்தனுப்புகிறேன். அவர் படிக்கலாம். லாட்ஜில் உன்னோடு தங்கியிருக்கும் பையன்கள் படிக்கலாம். உனக்கு மாமனாராக வரப்போகிறவர் கையில் கிடைத்தால் அவரும் படிக்கலாம். அவருக்குத் தமிழ் எழுத்து வராது என்றால் நீயே கன்னடத்தில் படித்துக் காட்டு. ஒளித்து வைக்கிற சமாசாரம் நம் வீட்டில் போதும் போதும் என்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

நீ என்ன எழுதியிருந்தாய் என்பதை முதலில் இங்கே எழுதிவிடுகிறேன், கண்டக்டருக்கும் விஷயம் விளங்கட்டும். வருகிற வெள்ளிக்கிழமை பெண் வீட்டார் பெண்ணையும் உன்னையும் கூட்டிக்கொண்டு ஓசூருக்கு வந்து நம் வீட்டைப் பார்க்கப் போகிறார்கள். அதற்குள் வாசலில் இருக்கும் ‘வீட்டுக் கேக் இங்கே செய்து தரப்படும்’ என்ற போர்டை நான் கழற்றிவிட வேண்டும். சமையலறையில் இருக்கும் மணல் அடுப்பைக் கொல்லைப்புறம் நகர்த்தி, சாக்குப் போட்டு மூட வேண்டும். கல்யாணத்துக்குக் கேக்கை நீயே கன்டோன்மென்ட் பேக்கரியில் சொல்லிவிட்டாய், ஆகையால் நான் சிரமப்பட வேண்டாம். நடுவே இரண்டு இடத்தில் ‘தயவு செய்து’ போட்டிருக்கிறாய். பெற்றவளுக்குத் தயவு செய்து போடுகிற அளவுக்கு உனக்கு ஆபீஸ் பழக்கம் முற்றிவிட்டது. “என்னா எழுதியிருக்கான்?” என்று உன் அப்பா கேட்டார். “சாக்குப் போட்டு மூடச் சொல்லி எழுதியிருக்கான்” என்றேன். “அடுப்பயா, உன்னியா?” என்றார். அவருக்கு எல்லாமே விளையாட்டு. ஆனால் கேட்டது சரியான கேள்விதான்.

நிச்சயதார்த்தத்தன்றைக்கே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சபையில் வாயைத் திறக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். நம்மவர்கள் வெற்றிலை பாக்கு மாற்றுவார்கள், சர்க்கரை வழங்குவார்கள், அத்தோடு முடிந்தது. நீதான் எழுதினாய், உன் ஃபாக்டரி ஆபீஸர்கள் வருகிறார்கள், ஒரு கேக் இருந்தால் எடுப்பாக இருக்கும், அம்மா நீயே செய்து கொண்டு வா என்று. அந்த ‘அம்மா நீயே’ என்பதைப் படித்து எவ்வளவு பூரித்துப் போனேன் என்று உனக்குத் தெரியாது. மூன்று நாள் உட்கார்ந்து இருபத்து நான்கு ரோஜா செய்தேன். சர்க்கரை இதழ், விரல் அழுத்தினால் உடையும். ஒவ்வொன்றையும் பஞ்சில் வைத்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பஸ் குலுங்கும்போதெல்லாம் என் உடம்பைத் தூக்கிக் கொடுத்து, பெங்களூர் வந்து சேர்ந்தேன். எல்லாரும் சாப்பிட்டார்கள். நன்றாக இருக்கிறது என்றார்கள். பெண்ணின் அப்பா இரண்டாவது துண்டு கேட்டு வாங்கினார். அதற்குப் பிறகுதான் அவர் கேட்டார், “யெல்லிந்த தரிஸிதிரி?” என்று. எங்கேயிருந்து வரவழைத்தீர்கள் என்று கேட்கிறார். நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “கன்டோன்மென்ட்டிந்த சார்” என்றாய். கேக் வெட்டின கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நான் நாலு அடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். எனக்குக் கன்னடம் தெரியாது என்று நினைத்துவிட்டாயா? உத்தனப்பள்ளியில் பிறந்தவள் நான். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் சண்டை போடுவேன்.

அதற்கும் மேல் ஒன்று நடந்தது. அது உனக்குத் தெரியாது, இப்போதுதான் சொல்கிறேன். எல்லாரும் கை கழுவப் போனபோது அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் தட்டில் இருந்த கேக்கைத் தின்றுவிட்டு ரோஜாவை மட்டும் தின்னாமல் உள்ளங்கையில் வைத்திருந்தாள். “அத்தே, நெஜப் பூவு மாதிரியே இருக்குது. இத எப்படிங்க செஞ்சிருப்பாங்க?” என்று பெங்களூர்த் தமிழில் கேட்டாள். சும்மா பேச்சுக்குக் கேட்கவில்லை. பூவைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறவர்கள்தான் அடிப்பக்கத்தைப் பார்ப்பார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “எனக்குத் தெரியலம்மா” என்றேன். அந்தப் பூவில் எத்தனை இதழ் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் நான். உன் பேச்சைக் காப்பாற்றுவதற்காக, என் மருமகளாக வரப்போகிறவள் என்னிடம் கேட்ட முதல் கேள்விக்கு, தெரியாது என்று பொய் சொன்னேன். அவள் பூவைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் காலிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். நீ சொன்னதைக் காட்டிலும் நான் சொன்னதுதான் அதிகமாக எரிந்தது.

உனக்கு அந்த மரப்பெட்டி நினைவிருக்கிறதா? கெலமங்கலத்திலிருந்து ஓசூருக்கு நாம் வந்த புதிது. உன் படிப்புக்காகத்தான் வந்தோம். உன் அப்பா நிலத்துக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். மத்திகிரிப் பக்கம் ஒரு வெள்ளைக்கார துரை பங்களாவைக் காலி செய்துவிட்டுச் சீமைக்குக் கிளம்பினார். சாமான்களை ஏலம் போட்டார்கள். கேழ்வரகு விதை போட்டு வைக்க என்று உன் அப்பா ஒரு மரப்பெட்டி எடுத்து வந்தார். அடியில் ஒரு தகர டப்பா, அதற்குள் கையகலத்துக்கு வெள்ளையாக ஒரு வட்டம், மேலே மூன்று ரோஜாப் பூ. உன் அப்பா சுண்ணாம்புப் பொம்மை என்றார். நீ ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, “அம்மா, சக்கரைம்மா இது” என்றாய். உன் முதுகில் ஒன்று வைத்துவிட்டு நானும் கிள்ளிப் போட்டுப் பார்த்தேன். பிற்பாடுதான் தெரிந்தது, அவர்கள் கல்யாணக் கேக்கின் மேல் அடுக்கை எடுத்து வைத்து, பிள்ளை பிறந்த பிறகு தின்பார்களாம். அந்தத் துரைசானிக்குப் பிள்ளை பிறக்கவில்லையோ, மறந்து போனாளோ, யார் கண்டது.

எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அந்த மூன்று ரோஜாவைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். முதல் ரோஜாவைக் கத்தியால் பிரித்தேன், தூளாகிவிட்டது. இரண்டாவதைச் சோற்றுப் பானையின் ஆவியில் காட்டினேன், இளகி இதழ் இதழாகக் கழன்றது. நடுவில் ஒரு குருத்து, அதைச் சுற்றி மூன்று இதழ், அதற்கு மேல் ஐந்து. ஒவ்வொன்றும் முந்தினதின் விளிம்பில் ஏறி உட்கார்ந்திருந்தது. மூன்றாவதை உடைக்காமல் எதிரில் வைத்துக்கொண்டேன். பச்சரிசி மாவைக் கெட்டியாகக் குழைத்து, வெண்கலத் தட்டைக் கவிழ்த்து அதன் முதுகில் பிழிந்து பிழிந்து, வழித்து வழித்து, மறுபடி பிழிந்து பழகினேன். முறுக்கு அச்சில் போட்டுப் பார்த்தேன், விரல் தண்டிக்கு வந்தது. எண்ணெய்க் காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டினேன், நுனி கிழிந்தது. கடைசியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தகர வேலை செய்கிறவரிடம் போய், சின்னப் புனல் மாதிரி ஒன்று செய்து வாயில் பல் வெட்டித் தரச் சொன்னேன். “எதுக்கும்மா, எலி பிடிக்கவா?” என்றார். அந்தத் தகர மூக்கு இன்னும் என்னிடம் இருக்கிறது. நிச்சயதார்த்தக் கேக்கின் ஓர வேலை முழுவதும் அதில் செய்ததுதான்.

சர்க்கரையை எதில் குழைத்தால் பூ சரியாமல் நிற்கிறது என்று கண்டுபிடிக்கவே ஒரு வருஷம் ஆயிற்று. பேட்டையில் மளிகைக் கடை வைத்திருந்த பாய்தான், முன்பு பங்களாவில் வேலை பார்த்த பட்லர் ஒருவரைக் கேட்டு, முட்டை வெள்ளையும் சர்க்கரைத் தூளும்தான் என்று வந்து சொன்னார். எவ்வளவுக்கு எவ்வளவு என்று பட்லருக்கும் தெரியவில்லை. சர்க்கரையை அம்மியில் அரைத்தேன், மிளகாய் வாடை போகவில்லை. திருகையில் போட்டு அரைத்தேன். நம் வீட்டுத் திருகை எத்தனை வருஷம் கேழ்வரகு அரைத்தது, எத்தனை கழுவினாலும் இண்டு இடுக்கில் மாவு இருக்கத்தான் செய்யும். வந்த கலரைப் பார்த்து உன் அப்பா, “சக்கரையில வரட்டி தட்டறா” என்று தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தார். பிறகு துணியில் கொட்டி, பாட்டிலை உருட்டி நசுக்கி, மல் துணியில் மூன்று முறை சலித்தபோதுதான் வெள்ளை வெள்ளையாக வந்தது. ஒரு முறை நீலப் பூ வேண்டுமென்று சலவை நீலம் கலந்துவிட்டு, பிறகு பயந்து போய் அத்தனையையும் குழி தோண்டிப் புதைத்தேன். ஓசூர்ப் பனியில் பூ காயாது, வியர்த்துச் சரியும். அடுப்புக்கு மேலே பரண் கட்டிக் காய வைத்தேன். கேக்கைச் சுட அடுப்பு ஏது? பெரிய இரும்புச் சட்டியில் மணலைக் கொட்டிச் சூடேற்றி, உள்ளே டப்பாவை இறக்கி, மூடி மேலே தணல் போட்டேன். மேலே கருகும், நடுவில் குழம்பாக இருக்கும். நீயும் உன் அப்பாவும் எத்தனை கருகலைத் தின்றீர்கள். அந்த அடுப்பைத்தான் சாக்குப் போட்டு மூடச் சொல்கிறாய்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் உன்னைத் திட்டினால் நியாயமில்லை. முதல் கேக் சரியாக வந்ததும் பாய் கடைக்கு எடுத்துப் போனேன். அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்குதும்மா. ஆனா கெலமங்கலத்து அம்மா செஞ்சாங்கன்னா எவனும் தொட மாட்டான். பெங்களூர் சரக்குன்னு சொல்லுங்க, அடிச்சுப் புடிச்சு வாங்குவான்” என்றார். நானும் சரி என்றேன். சொல்லி மட்டும் விட்டிருந்தால் பரவாயில்லை. சின்ன ஊர், நான் பெங்களூர் போகவில்லை என்று நாலு பேருக்குத் தெரிந்துவிடும். ஆகவே என்ன செய்தேன்? கேக்கை எடுத்துக்கொண்டு இருட்டோடு முதல் பஸ்ஸில் அத்திப்பள்ளி போவேன். எல்லையைத் தாண்டினால் முதல் ஊர் அது, மைசூர் ராஜ்யம். அங்கே புளியமரத்தடியில் பெட்டியோடு உட்கார்ந்திருந்து, பெங்களூரிலிருந்து வருகிற பஸ்ஸில் ஏறி, போன வழியே திரும்பி, ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் பார்க்க இறங்குவேன். வாங்குகிற வீடு சில நேரம் நமக்கு அடுத்த தெருவாக இருக்கும். உடையும் பூவைத் தூக்கிக்கொண்டு குண்டும் குழியுமான ரோட்டில் ஒரு ராஜ்யத்துக்குப் போய் வருவேன். இப்படி ஒரு கூத்தை நம் எல்லைப்புறத்தைத் தவிர வேறு எங்காவது யாராவது ஆடியிருப்பார்களா? மூன்று வருஷம் ஆடினேன்.

மத்திகிரி சலோமி டீச்சர் மகள் கல்யாணக் கேக்கை எடுத்துப் போனபோது நீயும் வந்தாய். இரண்டு அடுக்கு, என்னால் தனியாகத் தூக்க முடியவில்லை. உனக்கு அப்போது பதினாறு நடந்துகொண்டிருந்தது. திரும்பும்போது எல்லைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். நம் பக்கம் மதுவிலக்கு, அந்தப் பக்கம் சாராயக் கடை திறந்து கிடக்கிறது. மூட்டை முடிச்சைக் குத்திப் பார்க்கிறது வழக்கம்தான். அதுவரை பொம்பளை மடியில் இருக்கும் பெட்டியை யாரும் கேட்டதில்லை. அன்று புதுசாக ஒரு போலீஸ்காரர், கையில் நீளமான இரும்புக் கம்பி.

“பெட்டியில என்னா?” என்றார்.

“கேக்குங்க.”

“எங்கேருந்து வருது?”

“பெங்களூருங்க.”

“பெங்களூர்க் கேக்குல பிராந்தி ஊத்தித்தானே செய்வான். தெறங்க பெட்டிய.”

நன்றாக யோசித்துப் பார். அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருந்தால் கேக் பிழைத்திருக்கும். இது ஓசூரில் என் வீட்டில் செய்தது, பிராந்தி வாடை எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது, முகர்ந்து பாருங்கள் என்று சொல்லியிருந்தால் முடிந்தது. ஆனால் பஸ் நிறைய ஓசூர்க்காரர்கள். நம் தெருவிலேயே இரண்டு பேர் முன்னால் உட்கார்ந்து கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பெட்டி மூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அப்போது நீதான் எழுந்தாய். “சத்தியமா பெங்களூர்ல வாங்கினதுங்க. கன்டோன்மென்ட் பேக்கரிங்க, பெரிய கடைங்க” என்றாய். கன்டோன்மென்ட் என்ற பேரை நம் வீட்டு ஆள் வாயில் அன்றைக்குத்தான் முதல் முதலில் கேட்டேன். “பெரிய கடைன்னா பிராந்தி ஜாஸ்தி” என்று சொல்லிவிட்டு அவர் கம்பியை இறக்கினார். மேல் அடுக்கிலிருந்து அடிப் பலகை வரை, ஐந்து இடத்தில். ஒவ்வொரு தடவையும் கம்பியை மூக்கில் வைத்து முகர்ந்தார். “வாடையே இல்லியே. உங்கள ஏமாத்திட்டாம்மா” என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு இறங்கினார். நான் அந்த ஐந்து ஓட்டையைப் பார்த்துக்கொண்டு, உன் முதுகைத் தட்டிக் கொடுத்து, “கெட்டிக்காரன்டா நீ” என்றேன். கேக் போனாலும் பொய் பிழைத்தது என்று எனக்குச் சந்தோஷம். பதினாறு வயசுப் பிள்ளைக்கு இதைவிட மோசமாக ஒரு தாய் எதையாவது கற்றுக்கொடுக்க முடியுமா? சொல்லு.

அதற்குப் பிறகு டீச்சர் வீட்டில் நடந்ததை நீ பாதிதான் பார்த்தாய். நீ வாசலில் ஜட்காக்காரரோடு நின்றுகொண்டிருந்தாய். நான் உள் அறையைச் சாத்திக்கொண்டு, ஈரத் துணியில் சுற்றி வைத்திருந்த மாவை எடுத்து ஓட்டைகளை அடைத்தேன். அடைத்த இடம் தெரிந்தது. ஆகவே ஒவ்வொன்றின் மேலும் ஒரு ரோஜாவைப் பிழிந்தேன். நாலாவது பூவில் கதவு திறந்தது. டீச்சர் நின்றுகொண்டிருந்தார்.

“பெங்களூர்ல செஞ்ச கேக்குக்கு நீங்க எப்படிம்மா பூ வெக்கறீங்க?” என்றார்.

நான் முட்டி போட்டபடியே இருந்தேன். “நான்தான் செய்யறேன் டீச்சர். எல்லாமே நான்தான் செஞ்சது” என்றேன்.

“மூணு வருஷமா எங்க வீட்டுக்குக் கேக்கு குடுக்கறீங்க. ஒரு நாள் சொன்னீங்களா?”

“சொல்லியிருந்தா வாங்கியிருப்பீங்களா?” என்று நானும் கேட்டேன். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது.

அவர் பூசி மெழுகவில்லை, எனக்குப் பிடித்தது அதுதான். “மொத தடவ வாங்கியிருக்க மாட்டேன். அது நெசம். ஆனா ஒரு தடவ சாப்ட்டு நல்லாருக்குதுன்னு நானே சொன்னேனே, அப்பறம் என்னா பயம் உங்களுக்கு? ரெண்டாவது தடவ சொல்லியிருக்கலாமில்ல” என்றார். நான் குனிந்து ஐந்தாவது பூவைப் பிழிந்து முடித்தேன். அன்று சாயங்காலம் கேக் வெட்டும்போது, இதைச் செய்தது இந்த அம்மாதான் என்று பந்தியில் இருந்தவர்களிடம் அவரே சொன்னார். சிலர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்கள். சிலர் எந்தத் தெரு என்று விசாரித்தார்கள். அந்த விசாரித்தவர்களால்தான் உன் படிப்புக்கு மீதிச் செலவு நடந்தது. மறு வாரமே, அந்தக் கேக் உட்கார்ந்திருந்த பலகையைத் திருப்பி, நல்ல பக்கத்தில் போர்டு எழுதி வாசலில் மாட்டினேன். அதற்கப்புறம் கேக்கோடு அத்திப்பள்ளி பஸ்ஸில் நான் ஏறவில்லை.

ஆகவே அந்தப் பொய் என்னுடையது, உன் வாயில் ஊட்டியவள் நான். உன்னைத் திட்ட எனக்குப் பாதி உரிமைதான் இருக்கிறது, அந்தப் பாதியை மிச்சம் வைக்காமல் உபயோகித்துக்கொள்கிறேன். நான் பொய் சொன்னது என் கேக்கை நாலு பேர் வாயில் வைக்க வேண்டும் என்று. உன் மாமனார்தான் ஏற்கனவே வைத்தாயிற்றே, இரண்டாவது துண்டும் வாங்கியாயிற்றே. அப்புறம் உனக்கு என்ன பயம்? என் அம்மா செய்தது என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? கேக்குக்காக நீ வெட்கப்படவில்லை. கேழ்வரகு வயலில் களை பறித்த கை அதைச் செய்தது என்பதுதான் உனக்கு வெட்கம். அந்தக் கையை மறைக்கத்தான் கன்டோன்மென்ட்டை இழுத்தாய். நான் என் வேலையை விற்கப் பொய் சொன்னேன், நீ என்னை மறைக்கப் பொய் சொன்னாய். இரண்டும் ஒன்று என்று மட்டும் எனக்கு எழுதிவிடாதே, நேரில் வந்து அறைவேன்.

அந்தப் பெண்ணைப் பற்றி ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். அவள் பூவைத் திருப்பிப் பார்க்கிற பெண். அப்படிப்பட்டவளிடம் மூடி மறைத்துக் குடும்பம் நடத்த முடியாது. இன்றில்லாவிட்டால் ஒரு நாள் இந்த வீட்டுப் பரணில் காயும் ரோஜாவைப் பார்ப்பாள், கைக்குட்டையில் வைத்திருப்பதை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். அம்மாவும் பிள்ளையும் சேர்ந்துகொண்டு நம்மை ஏமாற்றினார்கள் என்று நினைப்பாள், சரியாகத்தான் நினைப்பாள். நான் தெரியாது என்று சொன்னதற்கு அவளிடம் நானே மன்னிப்புக் கேட்டுக்கொள்வேன். அதற்கு முன்னால் நீ சொல்ல வேண்டியதை நீ சொல்லியிருக்க வேண்டும். உன் அப்பா என்னைச் சாணி தட்டுகிறாள் என்று தெரு முழுக்கச் சொன்னார், கேலி செய்தார், எல்லாம் செய்தார். ஆனால் என்னை யாரிடமும் இல்லை என்று சொன்னதில்லை. குடும்பத்துக்கு அது போதும். உனக்குப் புத்திமதி என்று நான் சொல்வது அவ்வளவுதான்.

இனி நடக்கப் போவதைக் கேள். கன்டோன்மென்டில் சொன்னதை நாளைக்கே போய் வேண்டாம் என்று சொல்லிவிடு. கல்யாணத்துக்குக் கேக் நான்தான் செய்வேன், மூன்று அடுக்கு. கொண்டு வர உன் அப்பாவைக் கூட்டி வருவேன், பஸ் ஸ்டாண்டில் வந்து பெட்டியை வாங்கிக்கொள்ள வேண்டியது நீ, உன் ஆபீஸர்கள் பார்த்தாலும் சரி. மணல் அடுப்பு நகராது. வெள்ளிக்கிழமை அது எரிந்துகொண்டும் இருக்கும், ஏனென்றால் சனிக்கிழமைக்கு ஒரு பிறந்தநாள் கேக் ஒப்புக்கொண்டிருக்கிறேன். வருகிறவர்கள் கொஞ்சம் வியர்த்துக்கொண்டு உட்காரட்டும். கண்டக்டர் கையில் ஒரு பாட்டில் நெய்யும் அனுப்பியிருக்கிறேன். உருக்கினது கோபம் வருவதற்கு முன்னால், அதனால் தைரியமாகச் சாப்பிடலாம்.

போர்டில் பெயின்ட் மங்கியிருந்தது. உன் கடிதம் வந்த மறுநாள் ஆளைக் கூப்பிட்டு மறுபடி எழுதச் சொன்னேன், தமிழிலும் கன்னடத்திலும். வெள்ளிக்கிழமை உன் மாமனார் அதற்குக் கீழேதான் செருப்பைக் கழற்றுவார். நிமிர்ந்து படிப்பார், இது யாருடையது என்று கேட்பார், அந்தப் பெண் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். நானும் அங்கேதான் இருப்பேன், ஆனால் வாயைத் திறக்க மாட்டேன். அன்று பஸ்ஸில் நான் சொல்லாமல் விட்டதை நீதான் சொல்ல வேண்டும். சொல்லி முடித்த பிறகு போர்டைக் கழற்றித் திருப்பிக் காட்டு. பின்பக்கத்தில் ஐந்து குழி இருக்கும். அது என்ன என்று அவர் கேட்டால் அதையும் நீயே சொல்.

அம்மா